கொடுத்து நின்ற வீரம்: கன்னன் இறுதிமொழிக்கு ஒரு விளக்கவுரை

அவதாரிகை

ஈழத்துக் கோயில்களிற் புராண படனம் நிகழுங்கால் ஒருவர் பாட்டைப் படிப்பர். மற்றொருவர் பயன் சொல்வர். அம்மரபைப் பின்பற்றி, வில்லிபுத்தூரார் பாரதத்துக் கன்ன பருவத்துப் பதினேழாம் போர்ச் சருக்கத்திலே, கன்னன் தன் அறமனைத்தையும் ஈந்தபோது கூறிய ஒரு பாட்டின் பொருள் இங்கே தொடர் தொடராக எடுத்துரைக்கப்படுகின்றது. செய்யுளைக் கற்பார் நூலிற் கண்டு ஓதுக. வை. மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் உரையையும் உடன்வைத்துக் கற்றல் நன்று. இவ்வுரையில் ஒவ்வொரு தொடரின் கருத்தும் வசனமாக்கித் தலைப்பில் நிறுத்தப்படும்.

மானிடர் ஆண்மை பெரிதோ, தெய்வத்தின் துணை பெரிதோ என்னும் வினா வீரகாவியம் அனைத்துக்கும் பொது. யவனர் போற்றும் ஹோமரின் இலியட் இருபத்து நான்கு காண்டத்தும் அவ்வினாவைச் சுமந்து செல்லும். ஐந்தாங் காண்டத்தில் அதீனா என்னுந் தெய்வம் டயமீடிசின் தேரில் ஏறித் தானே கடிவாளம் பிடிக்கின்றாள். போர்க்கடவுளாகிய ஏரீசு எறிந்த வேலைக் கையால் விலக்குகின்றாள். பாரதத்திற் கண்ணன் அருச்சுனன் தேரிற் பாகனாய் இருக்கின்றான். தெய்வம் தேரோட்ட, மனிதன் வெல்லுதல் இரு நூலுக்கும் ஒத்தது. இரு நூலும் எவ்விடத்துப் பிரிகின்றன என்பது இப்பாட்டைக் கற்றபின் விளங்கும்.

முன்னிகழ்ச்சி

போரின் பதினேழாம் நாள். சல்லியன் தேர் செலுத்தக் கன்னன் அருச்சுனனை எதிர்க்கின்றான். நாகக்கணை விடப்படுகின்றது. கண்ணன் தேரை நிலத்தில் அழுத்த, கழுத்துக்கு வந்த கணை முடியைக் கொண்டு போயிற்று. பின்னர்க் கன்னனுடைய தேர்ச்சில் நிலத்திற் புதைந்தது. கணைகள் உடலிற் பாய்ந்தன. அந்நிலையிலே கண்ணன் முதிய வேதியன் வடிவங்கொண்டு வந்து, வறுமையுற்றேன் என்று இரந்தான். தரத்தக்கது யாதெனக் கன்னன் வினவ, நீ செய்த அறமெல்லாம் தருக என்றான். அதற்குக் கன்னன் கூறிய மறுமொழியே இப்பாட்டு. வியாசர் செய்த வடமொழிப் பாரதத்தில் இவ்விரப்பு இல்லை. ஆகலின் இது தமிழிலே மலர்ந்து நிற்கும் பகுதி என்க.

முதற்றொடர்: உயிரோ தடுமாறலாயிற்று.

உயிரைச் சுட்டுதற்குப் பாட்டில் நிற்பது ‘ஆவி’ என்னும் சொல். ஆவியாவது மூச்சு, நீரினின்று எழும் புகைக்கும் அதுவே பெயர். உடம்பை விட்டு மேலெழப் புகுந்த உயிருக்கு அப்பெயர் பொருந்துமாறு காண்க.

அச்சொல்லோடு சேர்ந்த ஓகாரம் பிரிநிலை. உயிர் ஒன்றே தடுமாறிற்று, பிற தடுமாறவில்லை என்று பிரித்துக் காட்டுதலின். தடுமாறாது நின்றவை யாவை எனின், கொடுக்கும் மனமும் கொடுப்பேன் என்னும் சொல்லும் என்க. கொட்டாஞ்சேனைப் பண்டகசாலைகளில் மூடை தூக்கும் நாட்டாமைமாரைக் கண்டார் இதனை எளிதின் உணர்வர். கால் தள்ளாடும், மூச்சு இரைக்கும், மூடையைப் பற்றிய பிடி மட்டும் தளராது. உடம்பு கைவிட்ட பின்னும் தொழில் கைவிடாமை அது.

இலியட்டின் இருபத்திரண்டாங் காண்டத்தில் திரோய் வீரனாகிய ஹெக்டர் தன் பகைவனாகிய அக்கிலீசைக் கண்டவுடன் நடுங்கித் திரோய் நகர் மதிலை மும்முறை சுற்றி ஓடுகின்றான். அங்கும் தடுமாற்றம் மறைக்கப்படவில்லை. வீரனுக்கு அச்சமும் தளர்ச்சியும் உண்டென ஒப்புதலே பெருங்கவிகளின் நேர்மை. தளர்ச்சியை முதலிற் கூறியபின் கொடையைக் கூறுதலால், கொடை தளர்ச்சியினும் வலிதென்பது போதரும்.

இரண்டாந் தொடர்: உடம்பின் உள்ளே நிற்கின்றதோ, வெளியே நீங்கிற்றோ, அறிகிலேன்.

உடம்புக்குப் பாட்டில் வருவது ‘யாக்கை’ என்னும் பெயர். யாத்தல் கட்டுதல்; தோலும் தசையும் என்பும் நரம்பும் கட்டப்பட்டமையின் யாக்கையாயிற்று. கன்னனுக்கு இப்பெயர் சிறப்புடைத்து. ஏனையோர் யாக்கை தோலொடு கட்டப்படும். இவன் யாக்கை கவசத்தொடு கட்டப்பட்டே பிறந்தது. அக்கட்டைத் தானே அறுத்து இந்திரனுக்கு ஈந்தான். கேட்குமாறு இந்திரனை ஏவியவன் கண்ணன். இன்று உயிர் அகத்ததோ புறத்ததோ எனத் தெரியாது நிற்றற்கு அன்று அறுத்த கட்டே காரணம். அதனை வாய்விட்டுக் கூறாது யாக்கை என்னும் ஒரு பெயராற் கவி நினைப்பித்தார்.

இத்தொடரின் இரண்டு ஓகாரமும் ஐயப்பொருளன. ஐயுற்றவன் தன் உயிரின் இருப்பையே ஐயுற்றான். கேட்டவன் யார், கேட்டது தகுமோ என்று ஐயுற்றிலன். ஐயம் இங்கே சென்று அங்கே செல்லாமை குறிப்பு.

இவ்விடத்து ஒரு மாறுபாடு நோக்குக. அக்கிலீசின் படைக்கலங்கள் போரிற் பறிபோயின. அவன் தாய் தீட்டிசு என்னுந் தெய்வமகள். அவள் தெய்வக் கொல்லனாகிய எப்பேசுட்டசிடம் சென்று புதுக் கவசமும் கேடயமும் செய்வித்து மகனுக்குக் கொணர்ந்தாள் என்பது பதினெட்டாங் காண்டம். இறுதிப் போருக்குமுன் அவ்வீரன் தெய்வத்தாற் கவசம் பெற்றான். இவ்வீரன் தெய்வத்துக்குக் கவசம் ஈந்தான். அவனுக்குத் தாய் சென்று கருவி தேடினாள். இவனிடமோ தாய் குந்தி, நாகக்கணையை இருமுறை விடேன் என்னும் வரத்தைக் கேட்டுப் பெற்றுச் சென்றாள். தாயும் தெய்வமும் ஒருவனுக்குக் கொடுத்தன, ஒருவனிடம் கொண்டன.

மூன்றாந் தொடர்: விரும்பியவை யாவும் தரவல்ல காலத்தில் நீ வந்தாயல்லை, யான் பாவி.

காலத்தைக் குறிக்கும் பாட்டின் சொல் ‘பக்குவம்’. அது கனிந்த நிலை. நாடும் களிறும் பொருளும் கையகத்து இருந்த காலமே கொடைக்குக் கனிந்த காலம் என்பது கன்னன் கருத்து. கைப்பொருள் இல்லாத இக்காலம் காய் என்கின்றான்.

நூலின் கருத்தோ அதற்கு மறுதலை. அங்கநாட்டுச் செல்வத்தினின்று ஒரு பிடி கொடுத்தல் அரசர் பலர்க்கும் இயலும். எல்லாம் போய் அறம் ஒன்றே எஞ்சியபோது அவ்வொன்றையும் கொடுத்தல் இவனுக்கே இயலும். ஆதலின் கனிந்த காலம் இதுவே. கொடுப்போன் காய் என்றதைக் கொள்வோன் கனி என்று அறிந்தே வந்தான் என்க.

‘பாவியேன்’ என்றது தன்மை ஒருமைக் குறிப்பு வினையாலணையும் பெயர். வேளை தவறி வந்தாய் என இரப்போனைக் குறைகூறுதல் உலகியல்பு. அக்குறையை வந்தவன்மேல் ஏற்றாது தன்மேல் ஏற்றிக்கொண்டான். இது தீவினை செய்தேன் என்னும் ஒப்புதலன்று. நிரம்பக் கொடுக்கப் பெறாதவனுடைய வருத்தம்.

கொழும்புக் கொச்சிக்கடையிலிருந்து இத்தொடரைப் பயன் சொல்வார்க்கு இங்கே நா சற்றுத் தாழும். செவ்வாய்தோறும் சமயம் பாராது மெழுகுதிரி ஏற்றி மக்கள் நேர்த்தி வைக்கும் புனித அந்தோனியார் திருத்தலத்தில், 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது குண்டு வெடித்து, தொழுது நின்றோர் பலர் மாண்டனர். வேளைக்குத் துணை வாராமையை இவ்வூரார் ஏட்டிற் படித்து அறிய வேண்டுவதில்லை. அவ்வினாவுக்கு நூல் விடை கூறிற்றன்று. உரை செய்வாரும் கூறத் துணிதல் தகாது. கன்னன் தன்னைப் பற்றிக் கூறிய சொல்லை மாண்டார்மேல் ஏற்றி உரைத்தல் பெரும்பிழை. காலங்கடந்து வந்த தெய்வத்தின் முன்னும் ஒரு மானிடன் சிறுமையுறாது நிற்கக்கூடும் என்பதொன்றே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

நான்காந் தொடர்: இடையறாது யான் செய்யும் அறப்பயன் முழுவதும் தந்தேன், ஏற்றுக்கொள்க.

பாட்டின் உயிர்நிலை இத்தொடர். சொல் சொல்லாக நிறுத்திக் காண்க.

‘இடையறாது’ என்பது தற்புகழ்ச்சியோ எனின், அன்று. பொருளின் அளவு கூறியவாறு. விற்போன் சரக்கின் நிறை கூறுதல் விலை பேசுதற்கு. கொடுப்போன் கூறுதல் ஒன்றும் ஒளித்திலேன் என்று காட்டுதற்கு.

அறத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னே பாட்டில் நிற்பது ‘செய்’ என்னும் வினையடி. காலங்காட்டும் இடைநிலை இன்றி நிற்றலின் இது வினைத்தொகை. வினைத்தொகை முக்காலத்துக்கும் விரியும்: செய்த அறம், செய்கின்ற அறம், செய்யும் அறம். செய்த அறம் முன்னைக் கொடைகளால் வந்தது. செய்கின்ற அறம் இக்கொடையால் இக்கணம் வருவது. செய்யும் அறம் இனி வரக்கடவது. அறத்தைக் கொடுத்தாலும் கொடுத்ததனால் ஓர் அறம் பிறக்குமே, அது கொடுத்தவனிடம் எஞ்சாதோ என்னும் தடைக்கு இவ்வொரு தொகையால் விடை கூறினார். பிறக்கும் அறமும் உடன் போயிற்று. ஒரு கால இடைநிலை மறைந்து நின்று ஒரு வள்ளலின் உள்ளத்தை முழுதும் காட்டிற்று.

‘முழுவதும்’ என்பதில் உம்மை முற்றும்மை.

‘தந்தேன்’ என்னுமிடத்துப் பாட்டில் உள்ளது ‘உதவினேன்’ என்பது. இன்னும் நீர் வார்க்கவில்லை. வேதியன் கை நீட்டவில்லை. ஆயினும் இறந்தகாலத்தாற் கூறினான். விரைவு பற்றி எதிர்வதனை நிகழ்ந்ததாகக் கூறுதல் இலக்கணத்துக்கு உடன்பாடு. உயிர் போம் விரைவினும் கொடை விரைந்தது. இனி, ஈ, தா, கொடு என்னும் மூன்று சொல்லும் இரப்போனது தாழ்வும் ஒப்பும் உயர்வும் பற்றி வேறுபடும் என்பது தொல்காப்பியத்துக் கண்டது. அம்மூன்றனுள் ஒன்றும் சேராத ‘உதவுதல்’ என்னும் சொல்லைக் கன்னன் எடுத்தமையால், வாங்குவோன் எவ்வரிசையிலும் வைத்து அளக்கப்படானாயினான்.

‘கொள்க’ என்பது வியங்கோள். ஈண்டு வேண்டிக்கோடற் பொருட்டு. கொடுப்போன் வேண்ட, இரப்போன் கொள்ளும் நிலை வந்தது. கேட்டவன் திருமால், வேண்டியவன் தேரோட்டி வளர்த்த மகன். வேண்டுதலும் வழங்குதலும் இடமாறி நின்றன.

ஈண்டு இத்தொடரின் உட்பொருள் உரைக்கப்படும். கன்னன் தெய்வத்துணை இல்லாதவன் என்பது பலர் கூற்று. அது நூலோடு பொருந்தாது. பரிதி அவன் தந்தை. கவச குண்டலம் உடன்பிறந்த தெய்வக்காவல். இந்திரன் அளித்த வேல் தெய்வப்படை. நாகக்கணை அரிய படை. ஈட்டிய அறமோ இவை எல்லாவற்றினும் வலிய காவல். துணை அவனுக்கு நிரம்ப இருந்தது. கவசத்தை இரந்தவனுக்கு ஈந்தான். வேலைப் படையைக் காக்கும்பொருட்டுக் கடோற்கசன்மேற் செலவிட்டான். நாகக்கணையின் மறுதொடையைத் தாய்க்குக் கொடுத்த சொல்லால் இழந்தான். அறத்தை இன்று ஈந்தான். துணை வாராமல் தனித்தவன் வேறு. வந்த துணையை ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தனித்தவன் வேறு. கன்னன் வீரம் இரண்டாம் வகையது என்க.

ஐந்தாந் தொடர்: தாமரையில் உறையும் நான்முகனும் உனக்கு ஒப்பாகான்; ஆயின் அவ்வறம் இதனினும் பெரியதோ.

‘நான்முகனும்’ என்னும் உம்மை உயர்வு சிறப்பு. படைப்புக் கடவுளே ஒப்பாகாதபோது பிறரைக் கூறுவானேன் என்றவாறு. ‘இதனினும்’ என்னும் சுட்டு, உனக்குக் கொடுக்கப்பெறுதலாகிய இப்பேற்றைச் சுட்டும். ‘பெரியதோ’ என்னும் ஓகாரம் எதிர்மறை. பெரிதன்று என்பது பொருள். முதலில் பிரிநிலையாய் வந்து, இடையில் இருமுறை ஐயமாய் நின்று, ஈற்றில் எதிர்மறையாய் முடிந்தது ஓகாரம். தடுமாற்றத்திற் தொடங்கி ஐயத்தின் வழியாகத் துணிவிற் சென்று முடியும் உள்ளத்தின் நடையை அவ்வோரெழுத்தே பின்தொடர்ந்து காட்டுதல் அறிக.

நான்முகன் ஒப்பாகான் என்றது, வந்த வேதியனை உபசரித்த முகமன். வந்தவன் யாரெனக் கன்னன் அறியான். அறியாது கூறினும் கூறியது மெய். நான்முகனைத் தன் உந்தித் தாமரையிற் பெற்றவனே எதிரில் நின்றான். அறியாமையின் வாயில் உண்மை வந்து அமர்ந்தது.

இதனை யவன காவியத்தோடு ஒப்பிடுக. மதிலைச் சுற்றி ஓடும் ஹெக்டரிடம் அதீனா அவன் தம்பியாகிய தெய்ஃபோபஸ் வடிவில் வந்து, இருவரும் சேர்ந்து எதிர்ப்போம் என்றாள். அவன் நம்பி நின்றான். எறிந்த வேல் பயன்படாமையின் மறுவேல் கேட்டுத் தம்பியை விளித்தான். அருகில் எவரும் இலர். அக்கணமே தெய்வம் தன்னை ஏய்த்ததென்றும் இறுதி அணுகிற்றென்றும் உணர்ந்தான். உணர்ந்தபின், வருங்காலத்தார் கேட்கத்தக்க ஒரு செயலையேனும் செய்து மடிவேன் என வாளுருவிப் பாய்ந்தான்.

இரண்டிடத்தும் தெய்வம் வேடம் பூண்டது. இரண்டிடத்தும் வேடம் வீரனுடைய அழிவுக்கே. ஆயினும் ஹெக்டர் தெய்வத்தைத் தம்பி என்றான், அது பொய்யாயிற்று. கன்னன் வேதியனைத் தெய்வத்தினும் மேலோன் என்றான், அது மெய்யாயிற்று. ஹெக்டருக்கு உடன்பிறந்தான் வடிவிற் பகை வந்தது; கன்னனுக்குப் பகைவன் வடிவில் உடன்பிறந்தான் எதிரே வில்லேந்தி நின்றான். அங்கே வேடம் கலைந்தவிடத்து வெறுவெளி இருந்தது. அவ்வெறுவெளியில் மானிடன் நிமிர்ந்தான். இங்கே வேடம் கலைந்தவிடத்துத் தெய்வமே இருந்தது. அது மேலே கூறப்படும்.

தடை விடை

அஃதேல், இறந்துபடும் ஒருவனிடம் வஞ்சித்து வாங்குதல் தெய்வத்துக்குத் தகுமோ எனின், கூறுதும். நூல் இச்செயலை மறைத்திலது; மெழுகியும் கூறிற்றிலது. அறம் காவலாய் நிற்குமளவும் அருச்சுனன் கணை கன்னனைக் கொல்லாது என்பது கருத்து. ஆகவே கண்ணன் இரந்தது வெற்றிக்கு வேண்டிய இரப்பு. வலியாற் பறிக்க இயலாத ஒன்று மானிடனிடம் இருந்தது. கேட்டே பெறல் வேண்டிற்று. தெய்வம் கையேந்தும்படி செய்த பொருள் எதுவோ அதன் பெருமை கூறுதலே கவியின் நோக்கம்.

அற்றேல், அருச்சுனன் ஆண்மை என்னாயிற்று எனின், துணையால் வென்றார் புகழுக்கு ஒரு குறை இரு காவியத்தும் உண்டு. இலியட்டின் பதினாறாங் காண்டத்தில் அப்பொல்லோ என்னுந் தேவன் அக்கிலீசின் தோழனாகிய பற்றிரோகிளசின் முதுகிற் புடைத்துக் கவசத்தைக் கழற்றினான். பின் ஒருவன் வேலெறிந்தான். ஹெக்டர் மூன்றாமவனாய் வந்தே கொன்றான். அதனை வீழ்ந்தவனே எண்ணிச் சொல்லிவிட்டு மாண்டான். வியாச பாரதத்திற் போர் முடிந்து கண்ணன் இறங்கியவுடன் அருச்சுனன் தேர் எரிந்து சாம்பராயிற்று. பிடித்து நின்ற துணை நீங்கவே தேரின் உண்மை தெரிந்தது. துணை வெற்றியைத் தரும். பாட்டைத் தருமென்பது ஒருதலையன்று. வடமோடிக் கூத்து மரபைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது 1962 இல் ஆடப்பட்டது ‘கர்ணன் போர்’. தமிழகத் தெருக்கூத்தில் விடியற்பொழுதில் ஆடப்படுவது ‘கர்ண மோட்சம்’. வென்றவன் பெயரால் அன்றி வீழ்ந்தவன் பெயராற் கூத்து நிலைத்தமை காண்க.

பாட்டின்பின் நிகழ்வன

வேதியன், நீர் வார்த்துத் தருக என்றான். தாரை வார்த்துக் கொடுத்தலே கொடை நிரம்பும் முறை. களத்தில் நீரில்லை. கன்னன் மார்பிற் தைத்த அம்பின் வழியே ஒழுகிய குருதியைத் தாரையாக வார்த்தான். கொல்லுதற்கு எய்த அம்பு கொடைக்குக் கெண்டிமூக்கு ஆயிற்று. இலியட்டிலும் குருதி நீராகும் இடம் ஒன்றுண்டு. தன் மகன் சார்ப்பிடோன் மடியப்போவதை அறிந்தும் விதியை மாற்றாத தேவர்கோன் சியூசு, அவன் பொருட்டு நிலத்திற் குருதிமழை பெய்வித்தான். அங்கே தெய்வம் மானிடனுக்காகக் குருதி சொரிந்தது. இங்கே மானிடன் தெய்வத்துக்காகச் சொரிந்தான்.

வேதியன் மகிழ்ந்து, வேண்டும் வரம் கேள் என்றான். கன்னன் உயிர் கேட்டிலன், வெற்றி கேட்டிலன், ஈந்த அறத்தை மீளக் கேட்டிலன். வினைவயத்தால் இன்னும் பிறவி உளதாயின், இரந்தார்க்கு இல்லை என்று கூறாத நெஞ்சைத் தருக என்றான். இவ்வூர்க் கோயில் வாயில்களில், பொன்னம்பலவாணேசர் கருங்கற் கோபுரத்தின் கீழும் அந்தோனியார் திருமுன்னும், மக்கள் வேண்டுவன தொழிலும் நோய்நீக்கமும் கடல்கடந்த பிள்ளையின் நலமும் ஆம். அவை குறையுடையன அல்ல; வாழ்வார் வேண்டுதல் அவ்வாறே இருக்கும். கன்னன் வேண்டியது பிறர் வேண்டும்போது கொடுத்தற்கு உரிய மனம். தன் துணையனைத்தையும் ஈந்தொழித்தவன் தெய்வத்திடம் வேண்டிய துணை அதுவொன்றே.

அப்பொழுது வேதியன் வடிவு நீங்கிற்று. கண்ணன் கன்னனை மார்புறத் தழுவினான். கண்ணீரால் அவனை ஆட்டினான். பிறவிதோறும் ஈகையும் செல்வமும் எய்தி ஈற்றில் வீடும் பெறுவாய் என்றான். தன் மெய்யுருவைக் காட்டினான். பின்னர்த் தேருக்கு மீண்டு, அருச்சுனனை நோக்கி, கன்னன்மேற் கணை எய்க என்றான்.

இவ்வைப்புமுறை நோக்கத்தக்கது. தழுவிய கையே பின் சென்று கடிவாளம் பிடித்தது. அழுத கண்ணே கணை சென்று பாய்தலையும் கண்டது. தெய்வம் உதவியது அருச்சுனனுக்கு, அழுதது கன்னனுக்கு. உதவி பெற்றவன் அக்கண்ணீரைப் பெற்றிலன் என்றவாறு.